ஹோயாவை வீட்டுக்குள் வளர்த்துப் பூக்கவைப்பது எப்படி?

எருக்கம்பூவை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஹோயாவின் பூ புதிதாகத் தோன்றாது. ஐந்து இதழ்கள், அவற்றின் நடுவே கிரீடம் போல எழுந்து நிற்கும் ஐந்து முனைகள், காம்பைக் கிள்ளினால் வடியும் பால் என எல்லாமே எருக்கை நினைவூட்டும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எருக்கு வெயில் காயும் தரிசு நிலத்தில் வேரூன்றி நிற்க, ஹோயா ஈரமான காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு, பெரும்பாலும் தரையைத் தொடாமலே வளர்கிறது. தடித்துப் பளபளக்கும் இலைகளும் மெழுகில் வார்த்தது போன்ற பூக்கொத்துகளும் கொண்ட இந்தக் கொடிக்கு ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் 1810-இல் தாமஸ் ஹோய் என்ற தோட்டக்காரரின் பெயரைச் சூட்டினார். தாவரப் பெயர்களில் பிரபுக்களும் மருத்துவர்களும் நிறைந்திருக்கும்போது, ஒரு தோட்டக்காரரின் பெயர் இத்தனை அழகான செடிக்குக் கிடைத்தது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவதுண்டு. இது நமக்கு முற்றிலும் அயல்நாட்டுச் செடியும் அன்று. மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் இயல்பாக வளரும் ஹோயா வகைகள் உண்டு. அவற்றுள் ஒன்று, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பெயரால் ஹோயா வைட்டியை என்று வழங்கப்படுகிறது.

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இக்கொடியை வளர்த்து வரும் நான், முதல் இரண்டு செடிகளைத் தண்ணீர் ஊற்றியே கொன்றேன். மூன்றாவது செடியை உயிரோடு காப்பாற்றி, அதன் பூக்காம்புகளை வெட்டியெறிந்து, ஓராண்டுப் பூக்களை இழந்தேன். இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றுதான். மற்றச் செடிகளுக்கு நன்மை செய்யும் பழக்கங்கள் ஹோயாவுக்குத் தீங்கு செய்கின்றன என்பதை நான் அறிந்திருக்கவில்லை. கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், நம் ஊர் வெயிலுக்கும் நீருக்கும் ஏற்றபடி இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்த வகையை வாங்குவது?

புதியவர்கள் ஹோயா கார்னோசாவிலோ ஹோயா பியூபிகேலிக்ஸிலோ தொடங்குவது நல்லது. கார்னோசா வெளிர் இளஞ்சிவப்புப் பூக்களைக் கொத்தாகத் தரும். பிலிப்பைன்ஸைத் தாயகமாகக் கொண்ட பியூபிகேலிக்ஸின் பூக்கள் இன்னும் அடர்ந்த நிறமும் மணமும் உடையவை. இலைகளில் வெள்ளித் தெறிப்புகளும் இருக்கும். இரண்டுமே சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். வட்ட இலைகள் கொண்ட ஓபோவேட்டா, சிறிய இலைகளும் இனிய மணமும் உடைய லாகுனோசா ஆகியவற்றை அடுத்த கட்டத்தில் வாங்கலாம். பச்சைத் திரிகளைத் தொங்கவிட்டது போலிருக்கும் லீனியாரிஸைப் படத்தில் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் அது இமயமலைச் சாரலைச் சேர்ந்தது. குன்னூரிலும் கொடைக்கானலிலும் செழிக்கும் அந்தச் செடி, சென்னையின் கத்திரி வெயில் காலத்தில் வீட்டுக்குள் இருந்தாலும் வாடிப்போவதையே நான் பார்த்திருக்கிறேன்.

இதய வடிவ இலை கொண்ட ஹோயா கெர்ரியைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. காதலர் தினத்தையொட்டி, சிறு தொட்டியில் ஒற்றை இலையை நட்டு விற்பார்கள். அந்த இலையின் அடியில் தண்டின் கணு இல்லாவிட்டால், அது வேர்விட்டு ஆண்டுக்கணக்கில் பசுமையாக இருக்குமே தவிர, கொடியாக வளராது. பூப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. கொடி வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு கணுக்களும் சில இலைகளும் கொண்ட செடியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கும்போது இலையைத் திருப்பி, காம்பும் தண்டும் சேரும் மடிப்புகளைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போல ஏதேனும் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. அந்தச் செடியை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். அஞ்சலில் வரவழைத்தால், பிரித்தவுடன் பெரிய தொட்டிக்கு மாற்றி உரமிடும் ஆர்வத்தை அடக்கிக்கொண்டு, ஒரு வாரம் நிழலான இடத்தில், மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்திருப்பது நல்லது.

இடமும் வெளிச்சமும்

நல்ல வெளிச்சம் இல்லாத வரவேற்பறை மூலையிலும் ஹோயா சாகாது. பத்து ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும், பூக்காது, அவ்வளவுதான். பூ வேண்டுமென்றால் சன்னலுக்கு ஓரடி முதல் இரண்டடி தொலைவுக்குள் இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

எந்தத் திசைச் சன்னல் என்பதில்தான் குளிர்நாட்டு வழிகாட்டிகள் நம்மைத் திசைதிருப்பிவிடுகின்றன. அவை தெற்குச் சன்னலை ஆண்டு முழுவதும் வெயில் விழும் இடமாகவும் வடக்குச் சன்னலை எப்போதும் நிழலாகவும் கருதி எழுதப்பட்டவை. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே செல்வதால், அந்த மாதங்களில் வடக்குச் சன்னலில் காலையும் மாலையும் சாய்வான வெயில் விழும். தெற்குச் சன்னலில் நேர்வெயில் இருக்காது. ஐப்பசி முதல் மாசி வரை இது தலைகீழாகி, தெற்குச் சன்னலில் வெயில் அறைக்குள் நீண்டு விழும். ஆகவே கோடையில் வடக்குச் சன்னலைத் தயங்காமல் பயன்படுத்தலாம். எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரே இடம் வேண்டுமென்றால் கிழக்குச் சன்னல்தான். காலை ஒன்பது மணிவரையிலான வெயில் இலைகளைச் சுடாது, பூப்பதற்கும் போதுமானது. மேற்குச் சன்னல் பங்குனி முதல் ஆனி வரை இலைகளைப் பொசுக்கிவிடும். மெல்லிய வெள்ளைத் திரையிட்டுத்தான் அங்கே வைக்க வேண்டும்.

வெளிச்சத்தை அளக்கக் கருவி தேவையில்லை. காலை பத்து மணியளவில், செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓரடி மேலே உங்கள் கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு நிழல் விழுந்தால் அந்த இடம் பூக்க உதவும். கையின் வடிவம் மங்கலாக மட்டும் தெரிந்தால் செடி வளரும், பூப்பது ஐயமே. நிழலே விழாவிட்டால் வேறு இடம் பாருங்கள். சன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர் நிற்கும் வீடுகளில், வெள்ளை எல்.இ.டி. ட்யூப் லைட் ஒன்றைச் செடிக்கு ஓரடி உயரத்தில் பொருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரியவிடலாம்.

செடி தானே உங்களுக்கு விடை சொல்லும். இரண்டு கணுக்களுக்கு இடையிலான தூரம் நீண்டுகொண்டே போய், புதிய இலைகள் சிறுத்தால் வெளிச்சம் போதவில்லை. இலைகள் மஞ்சளாக வெளுத்தாலோ, வெளுத்த தழும்புகள் தோன்றினாலோ வெயில் மிகுதி. குளிரூட்டியின் காற்று நேரே படும் இடத்தைத் தவிர்க்கவும். மொட்டுகள் காய்ந்து உதிர்வதற்கு அந்த வறண்ட காற்று ஒன்றே போதும்.

கலவையும் தொட்டியும்

தோட்டத்துச் செம்மண்ணிலோ வண்டல் மண்ணிலோ ஹோயாவை நடக்கூடாது. மரப்பட்டையின் மேல் படர்ந்து, மழை பெய்தால் நனைந்து, ஓரிரு நாளில் காய்ந்து பழகிய வேர்கள் இவை. காற்றோட்டம் இல்லாத ஈர மண்ணில் ஒரு மாதத்துக்குள் அழுகத் தொடங்கிவிடும்.

நம்மூரில் இதற்கான பொருள்கள் மலிவாகவே கிடைக்கின்றன. அரை அங்குல அளவில் வெட்டிய தேங்காய் மட்டைத் துண்டுகள் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவுத்தூள் ஒரு பங்கு, பெர்லைட் என்னும் எடை குறைந்த வெள்ளைக் கல்துகள் ஒரு பங்கு, அடுப்புக்கரித் துண்டுகள் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு எனக் கலந்துகொள்ளுங்கள். பெர்லைட் கிடைக்காவிட்டால் செங்கல்லை உடைத்து, தூளைச் சலித்து நீக்கி, பட்டாணி அளவுத் துண்டுகளை மட்டும் சேர்க்கலாம். தொட்டி சற்றுக் கனக்கும் என்பதைத் தவிர வேறு குறை அதில் இல்லை. மட்டைத் துண்டுகளிலும் நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். ஒரு வாளி நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து, நீர் தேநீர் நிறத்திலிருந்து தெளியும்வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். சோம்பலால் இதைத் தவிர்த்தவர்களின் செடிகளில் இலை நுனி கருகுவதைக் காணலாம்.

தொட்டி சிறியதாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். நான்கு இலைகள் கொண்ட புதிய செடிக்கு நான்கு அங்குலத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத இடங்களில் ஈரம் தேங்கிப் புளித்து, அங்கிருந்துதான் அழுகல் தொடங்குகிறது. வேர்கள் தொட்டியை நிறைத்து நெருக்கமாக இருப்பது ஹோயாவுக்குத் துன்பம் தருவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, வடிகால் துளையின் வழியே வேர் வெளிவரும்போது, ஓர் அங்குலம் மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றினால் போதும். கை ஓயாமல் நீர் ஊற்றும் பழக்கமுள்ளவர்கள் மண்தொட்டியையும், மறதிக்காரர்கள் பிளாஸ்டிக் தொட்டியையும் தேர்ந்தெடுக்கலாம். துளையில்லாத அழகுத் தொட்டியில் நேரடியாக நடாதீர்கள். அதற்குள் துளையுள்ள தொட்டியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீர் ஊற்றுவது

வாரம் இத்தனை முறை என்று நாள் குறித்து ஊற்றினால் ஹோயா பிழைக்காது. கோடையில் என் வீட்டில் ஐந்தாறு நாள்களுக்கு ஒருமுறையும், ஐப்பசி அடைமழையின்போது பதினைந்து நாள்களுக்கு ஒருமுறையும் ஊற்றுகிறேன். உங்கள் வீட்டின் காற்றோட்டத்தைப் பொறுத்து இது மாறும். எரிந்து முடிந்த ஊதுவத்தியின் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி நிறம் மாறி ஈரமாக இருந்தால் காத்திருக்கலாம். உலர்ந்து வந்தால், முதிர்ந்த இலை ஒன்றை இரு விரல்களால் மெல்ல வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம். தளர்ந்து வளைந்தால் நீர் ஊற்றும் நேரம் வந்துவிட்டது. அப்போது அடியிலிருந்து நீர் ஒழுகும்வரை நிறைய ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். நாள்தோறும் அரைக் குவளை ஊற்றுவதுதான் மிகக் கெட்ட முறை.

இலைகள் சுருங்கியிருப்பதைக் கண்டவுடன் நீர்க்குவளையைத் தேடாதீர்கள். தாகத்தால் சுருங்கும் இலையும் வேரழுகலால் சுருங்கும் இலையும் பார்வைக்கு ஒன்றே. கலவை காய்ந்திருந்தால் அது தாகம். கலவை ஈரமாக இருந்தும் இலை சுருங்கினால், நீரை உறிஞ்ச வேர் மிச்சமில்லை என்று பொருள். செடியை வெளியே எடுத்து, குழகுழவென்று கறுத்த வேர்களை வெட்டிவிட்டு, நல்ல தண்டுகளைத் துண்டுகளாக்கிப் புதிதாக வேர்பிடிக்க வைப்பதே அப்போது வழி. என் முதல் செடிக்கு நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். சுருக்கம் கண்ட ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் பகுதிகளில், தொட்டியின் விளிம்பில் வெள்ளை உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரும் உப்பற்றது. வாளியில் பிடித்துப் பயன்படுத்தலாம், ஆனால் அதில் சத்து எதுவும் இல்லாததால் உரமிடுவதைத் தவறவிடக் கூடாது. உவர் நீரைத் தவிர வேறு வழியில்லை என்றால், மாதம் ஒருமுறை குடிநீரைத் தாராளமாக ஊற்றி, தேங்கிய உப்பை அடிவழியே கழுவி வெளியேற்றுங்கள்.

உரம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடைகளில் கிடைக்கும் நீரில் கரையும் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து, வளர்ச்சி தெரியும் மாதங்களில் பதினைந்து இருபது நாள்களுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். காய்ந்த வேரில் ஊற்றாமல், முதலில் வெறும் நீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். மீன் அமிலமும் பஞ்சகவ்யமும் மாடித்தோட்டத்துக்கு அருமையானவை. மூடிய அறையில் அவற்றை ஊற்றிவிட்டு விருந்தினரை அழைக்காதீர்கள்.

கொடியைப் படரவிடுவது

சில மாதங்களில் இலையே இல்லாத நீண்ட தண்டு ஒன்று சாட்டை போல வெளியே நீளும். பார்க்க அலங்கோலமாக இருப்பதால் பலரும் அதை வெட்டிவிடுகிறார்கள். அந்தத் தண்டு பற்றிக்கொள்ள ஒரு கிளையைத் தேடுகிறது. சார்ல்ஸ் டார்வின் 1865-இல் கொடிகளின் அசைவைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் ஹோயா கார்னோசாவையும் கவனித்திருக்கிறார். அதன் நுனி மெதுவாக வட்டமிட்டுக்கொண்டே ஆதாரத்தைத் துழாவும். பொறுத்திருந்தால் அதே தண்டில் பின்னர் இலைகள் துளிர்க்கும், பல வேளைகளில் பூக்கொத்தின் காம்பும் அங்கேதான் தோன்றும். ஆகவே துருப்பிடிக்காத கம்பியை வளையமாக வளைத்துத் தொட்டியில் ஊன்றி, தண்டு இளசாக இருக்கும்போதே, அது தானாகச் சுற்றும் திசையிலேயே மெல்லச் சுற்றிவிடுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் மறுநாள் அவிழ்ந்து நிற்கும். முற்றிய தண்டை வற்புறுத்தி வளைத்தால் ஒடிந்துவிடும்.

மொட்டும் பூவும்

தண்டுத் துண்டிலிருந்து வளர்ந்த கார்னோசா பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். இலைக்கணுவில் சிறு காம்பு ஒன்று நீண்டு, அதன் நுனியில் கடுகளவு மொட்டுகள் குடை போலத் தோன்றும். மொட்டு விரிய சில வாரங்கள் பிடிக்கும். இந்த நாள்களில் செடியை இடம் மாற்றாதீர்கள், திருப்பி வைக்காதீர்கள், கலவை முற்றிலும் காய்ந்துபோகவும் விடாதீர்கள். வெள்ளையடிப்பதற்காகத் தொட்டியை அடுத்த அறைக்கு நகர்த்தி, ஒரே இரவில் பதினெட்டு மொட்டுகளை உதிரக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

பூ விரிந்ததும் மாலையிலிருந்து மணம் கூடும். இரவில் அறை முழுவதும் நிறையும். பியூபிகேலிக்ஸைப் படுக்கையறையில் வைக்கலாமா என்பதை, முதல் கொத்து பூத்த பிறகு உங்கள் மூக்கே முடிவு செய்யட்டும். பூக்களிலிருந்து தேன் துளிகள் சொட்டித் தரையில் பிசுபிசுக்கும், எறும்பும் வரும். அடியில் ஒரு பழைய தட்டை வைத்துவிட்டால் தொல்லை குறையும்.

இனி, நான் ஓராண்டுப் பூக்களை இழந்த இடம். பூக்கள் வாடி உதிர்ந்த பிறகு எஞ்சும் மொட்டைக் காம்பை வெட்டக் கூடாது. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் கவாத்து செய்து பழகிய கை தானாகவே கத்தரிக்கோலை எடுக்கும். ஹோயாவோ அதே காம்பின் நுனியில் மீண்டும் மீண்டும், ஆண்டுக்கணக்கில் பூக்கிறது. பழைய காம்பை வெட்டிவிட்டால், புதிய காம்பு உருவாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பூக்கொத்தைப் பறித்துச் சாமி படத்துக்கு வைக்க விரும்புகிறவர்கள், உதிரிப் பூக்களை மட்டும் கிள்ளிக்கொண்டு தாய்க்காம்பை விட்டுவிடலாம்.

பூச்சிகள்

மாவுப்பூச்சிதான் முதல் பகை. பஞ்சுக்குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்து, பிறகு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் சாய்ந்த பிறகு இலையின் அடிப்பக்கத்தில் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரங்கள் தொடராவிட்டால், மறைந்திருந்த முட்டைகளிலிருந்து மீண்டும் புறப்படும். இளந்தளிரிலும் மொட்டுக் காம்பிலும் மஞ்சள் நிறத்தில் மொய்க்கும் அசுவினி, எருக்கிலும் அரளியிலும் நீங்கள் பார்த்த அதே பூச்சிதான். உறவுமுறை அதற்கும் தெரிந்திருக்கிறது. அதைக் குழாய் நீரைப் பீய்ச்சியே கழுவிவிடலாம். எறும்புகள் வரிசையாகத் தண்டில் ஏறினால், பூ இல்லாத காலத்தில், எங்கோ இவற்றுள் ஒன்று இருக்கிறது என்று கொண்டு தேடுங்கள்.

பூனையும் நாயும் உள்ள வீடுகளில் பயமின்றி வளர்க்கலாம், அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பு, ஹோயா கார்னோசாவை அவற்றுக்கு நஞ்சற்ற செடிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் வெட்டும்போது வடியும் பால் சிலருக்குத் தோலில் எரிச்சல் தரலாம் என்பதால் கையைக் கழுவிவிடுங்கள்.

புதிய செடி உண்டாக்குவது

இரண்டு கணுக்களும் இரண்டு இலைகளும் உள்ள துண்டாக, மிக இளசாகவும் முற்றிப்போயும் இல்லாத தண்டில், கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை ஒரு மணி நேரம் நிழலில் வைத்துவிட்டு, கீழ்க்கணு மூழ்கும்படி நீர் நிரம்பிய கண்ணாடிக் குப்பியில் இடலாம். நான்கு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றினால், நம் வெப்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களில் வேர் வரும். வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும், மேலே சொன்ன கலவையில், சிறிய தொட்டியில் நடுங்கள்; நீரில் பழகிய வேர் என்பதால் முதல் இரண்டு வாரங்கள் கலவையைச் சற்று ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். கார்த்திகை, மார்கழிக் குளிரைவிட ஆடி, ஆவணியில் வைத்த துண்டுகள் எனக்கு விரைவாக வேர்பிடித்திருக்கின்றன. ஒரே தொட்டியில் மூன்று துண்டுகளைச் சேர்த்து நட்டால், ஓராண்டுக்குள் வளையத்தைச் சுற்றி நிறைக்கும் கொடியாகிவிடும்.